பீரோவில் தூங்கும் கேமராவை வெளியே எடுங்கள்

(சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்த பிறகு, திண்டுக்கல்லில் முப்பது வருடங்களுக்கு மேல் ஸ்டுடியோ தொழில் பார்த்து ஓய்வு பெற்ற நம் குடியிருப்பு உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்களுக்காக வெளியிடுகிறோம்.)

லிப்ட் பராமரிப்பு, போர்வெல் மோட்டார், பார்க்கிங் என்று ஒரு மணி நேரம் பேசிக் களைத்துப் போயிருக்கிறீர்கள். டீயும் வடையும் வந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள், எனக்கு வருத்தம் இல்லை.

நம் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கேள்விகள் அடிக்கடி வருகின்றன. ஒன்று, "பையன் கேமரா கேட்கிறான் சார், எது வாங்கலாம்?" இன்னொன்று, "வீட்டில் ஒரு டிஎஸ்எல்ஆர் சும்மா கிடக்கிறது, வித்துடலாமா?" இரண்டாவதிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குப் பதில் சொன்னால் முதல் கேள்விக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

சும்மா கிடப்பது பெரும்பாலும் எந்தக் கேமரா என்று எனக்குத் தெரியும். கேனான் 1500டி, அல்லது அதற்கு முந்தைய 1300டி. இல்லையென்றால் நிக்கான் டி3400, டி3500. 1500டியும் டி3500ம் வந்தது 2018ல். கொடைக்கானலில் குறிஞ்சி பூத்த வருடமும் அதுதான். அதைப் படம் எடுக்கவென்றே புதுக் கேமராவோடு மலை ஏறியவர்கள் உண்டு. அதன் பிறகு குழந்தையின் முதல் பிறந்தநாள், ஒரு கல்யாணம், ஒரு ஊட்டி டூர். அவ்வளவுதான், பீரோவுக்குள் போய்விட்டது.

ஏன் போனது? எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றே: "போன்லயே நல்லா வருது சார்." உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. போனில் ஒரு தடவை பொத்தானைத் தொட்டால் அது பல படங்களை எடுத்து, ஒன்றாகக் கலந்து, வெளிச்சத்தைச் சமன் செய்து, முகத்தைப் பளிச்சென்று காட்டிவிடுகிறது. டிஎஸ்எல்ஆர் அப்படிச் செய்வதில்லை. ஒரு அழுத்தலுக்கு ஒரே படம். எவ்வளவு வெளிச்சம், எங்கே ஃபோகஸ் என்பதையெல்லாம் நீங்கள் சொல்வீர்கள் என்று அது காத்துக்கொண்டிருக்கிறது. நாம் சக்கரத்தைப் பச்சை ஆட்டோவில் வைத்துவிட்டு எதுவுமே சொல்வதில்லை. அப்புறம் படம் மந்தமாக இருக்கிறது என்கிறோம்.

சரி, அந்தப் பெட்டிக்குள் போனில் இல்லாதது என்ன இருக்கிறது? முதலில் சென்சார். 1500டியின் சென்சார் 22.3 மி.மீ. அகலம், 14.9 மி.மீ. உயரம். ஒரு சின்னத் தபால்தலை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் போனில் இருப்பது சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. மழை பெய்யும்போது டம்ளர் வைப்பதற்கும் அண்டா வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. கடைக்காரர் 24 மெகாபிக்சல், 108 மெகாபிக்சல் என்று எண்களைச் சொல்வார். அந்த எண்ணைவிட அண்டாவின் வாய் எவ்வளவு அகலம் என்பதுதான் முக்கியம்.

அடுத்தது கண்ணாடி. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் உள்ளே சாய்வாக இருக்கும் ஒரு கண்ணாடியில் பட்டு மேலே திரும்பி, நீங்கள் கண் வைக்கும் துளைக்கு வருகிறது. பொத்தானை அழுத்தும் நொடியில் அந்தக் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும், ஷட்டர் திறக்கும், சென்சாரில் படம் விழும். "டக்" என்ற சத்தம் அதுதான். படம் பார்க்கவும் படம் எடுக்கவும் ஒரே லென்ஸ் என்பதால்தான் சிங்கிள் லென்ஸ் ரிஃப்ளெக்ஸ் என்று பெயர் வந்தது.

இங்கே நிறையப் பேருக்குத் தெரியாத ஒரு சங்கதி. அந்தத் துளைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். அது உங்கள் கண் பார்வைக்கு ஏற்பத் திருப்பிக்கொள்ள. கண்ணாடி போடுகிறவர்கள் "உள்ளே பார்த்தால் மங்கலாத் தெரியுது, கேமரா கெட்டுப்போச்சு" என்று ஸ்டுடியோவுக்கு எத்தனையோ தடவை கொண்டுவந்திருக்கிறார்கள். உள்ளே தெரியும் எண்கள் தெளிவாகும்வரை அந்தச் சக்கரத்தைத் திருப்பினால் போதும். துளை வழியாகவே பார்த்து எடுங்கள். கேமரா கண்ணோடு ஒட்டியிருந்தால் கை ஆடாது. பேட்டரியும் மிச்சம். துளை வழியாகப் பார்த்து எடுத்தால் 1500டியில் ஒரு சார்ஜுக்குச் சுமார் 500 படம் என்று கேனான் கணக்குச் சொல்கிறது. பின்பக்கத் திரையைப் பார்த்து எடுத்தால் 240தான்.

இப்போது சக்கரத்துக்கு வருவோம். பச்சை ஆட்டோவை மறந்துவிடுங்கள். நிலவுப் படம், மலைப் படம், ஓடுகிற மனிதன் படம் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். கேனானில் 'ஏவி', நிக்கானில் 'ஏ' என்று ஒரு எழுத்து இருக்கும். அங்கே நிறுத்துங்கள். அதில் லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கவேண்டும் என்பதை மட்டும் நீங்கள் சொல்கிறீர்கள், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். எண் சின்னதாக இருந்தால் வாய் பெரிது, 3.5, 4, 5.6 என்பது போல. முகம் தெளிவாகவும் பின்னால் இருக்கும் துணிக்கொடி, கேஸ் சிலிண்டர் எல்லாம் மங்கலாகவும் வரும். 8, 11 என்று போனால் முன்னும் பின்னும் தெளிவாகும், மலைக்கோட்டையை எடுக்க அது சரி.

பிள்ளைகள் ஓடி விளையாடும்போது மட்டும் கேனானில் 'டிவி', நிக்கானில் 'எஸ்' என்ற இடத்துக்குப் போய் 1/500 என்று வையுங்கள். அங்கே ஷட்டர் வேகம் உங்கள் கையில். பள்ளி ஆண்டு விழாவுக்கும் அதுதான், வேகத்தை 1/250க்கு இறக்கி, ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்றிக்கொள்ளுங்கள். கொஞ்சம் மணல் தூவியது போல இருக்கும், பரவாயில்லை. இருபதாவது வரிசையிலிருந்து ஃபிளாஷ் அடிக்காதீர்கள். அது நாலைந்து மீட்டருக்கு மேல் பயன்படாது. முன்வரிசைக்காரர் வழுக்கைதான் பளிச்சென்று வரும்.

1858ல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் படம் எடுத்தார். மெழுகு பூசிய காகிதம்தான் அவருக்கு ஃபிலிம். அசையாத தூணும் கோபுரமும் அதில் அழகாகப் பதியும், நடந்து போகிற ஆள் பதியமாட்டார், அவ்வளவு நேரம் லென்ஸைத் திறந்து வைக்கவேண்டியிருந்தது. உங்கள் பீரோவில் இருக்கும் கேமரா ஒரு நொடியை 4000 துண்டாக வெட்டி அதில் ஒரு துண்டில் படம் பிடிக்கும். அதைத்தான் நாம் பாச்சா உருண்டையோடு மூடி வைத்திருக்கிறோம்.

இன்னும் ஒரே ஒரு பொத்தான். 'ஏவி' எழுத்துக்குப் பக்கத்தில் கூட்டலும் கழித்தலும் போட்டது. கேமராவுக்கு உலகமே நடுத்தரச் சாம்பல் நிறம். வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் சுண்ணாம்பு அடித்த சுவர் முன்னால் நின்றால், "ஐயோ, வெளிச்சம் அதிகம்" என்று அது தானாகக் குறைத்துவிடும். வேட்டி சாம்பலாகும், கறுத்த முகம் இன்னும் கறுத்துப் போகும். நம் ஊரில் பாதிப் படம் கெடுவது இதனால்தான், முகத்தின் நிறத்தால் இல்லை. அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டு மேலே இருக்கும் உருளையைக் கூட்டல் ஒன்று வரை திருப்புங்கள். வேட்டி வேட்டியாக இருக்கும், முகம் முகமாக இருக்கும்.

இவ்வளவையும் நான் எதற்காகச் சொல்கிறேன் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

ஸ்டுடியோ வைத்திருந்த கடைசிப் பத்து வருடத்தில் ராத்திரி பதினொரு மணிக்குக் கதவு தட்டினால் எனக்கு விஷயம் தெரிந்துவிடும். யாரோ தவறிவிட்டார்கள். காலையில் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் வைக்கவேண்டும், வீட்டில் மாலை போடப் படம் வேண்டும். "போட்டோ கொண்டாந்திருக்கீங்களா தம்பி?" என்று கேட்டால் ஆதார் அட்டையை நீட்டுவார்கள். சில பேர் போனைத் தருவார்கள், அதில் கல்யாண மண்டபத்துக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் பாதி மறைந்த முகம். அதை வெட்டி எடுத்து, பெரிதாக்கி, மூக்கும் கண்ணும் கட்டம் கட்டமாக உடைந்ததைத் தடவிச் சரி செய்து, வேறு யாரோ ஒருவருடைய உடம்பிலிருந்து பட்டுச் சட்டையும் அங்கவஸ்திரமும் எடுத்து ஒட்டிக் கொடுப்போம். அந்த அப்பத்தா வாழ்நாளில் கட்டாத புடவை அவருக்கு வந்துவிடும். வீட்டில் வருடக்கணக்காகக் கும்பிடுவது அந்தப் படத்தைத்தான். அந்த வீடுகளில் சிலவற்றில் கேமராவும் இருந்தது. அதற்குள்ளே பிள்ளையின் பிறந்தநாள் கேக் படம் நானூறு இருந்தது.

அதனால் கேட்கிறேன், உங்கள் வீட்டுப் பெரியவர்களை இந்த மாதமே உட்காரவைத்து எடுங்கள். சாவுக்குப் படம் எடுப்பது என்று நினைக்கவேண்டாம். அவர்களிடமும் அப்படிச் சொல்லித் தொலைக்காதீர்கள். "பேரன் போட்டோ எடுத்துப் பழகுறான், கொஞ்சம் உக்காருங்க" என்றால் எந்த ஐயாவும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்.

நம் குடியிருப்பில் இதற்கு ஸ்டுடியோவே தேவையில்லை. காலை எட்டரை முதல் பத்துக்குள், நேர் வெயில் விழாத பால்கனிக் கதவு எது என்று பாருங்கள். வடக்குப் பார்த்தது இருந்தால் ரொம்ப நல்லது. திண்டுக்கல் உச்சி வெயிலில் வெளியே நிறுத்தி எடுத்தால் கண் இரண்டும் குழியாகிவிடும், வேண்டாம். கதவிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே கை வைக்காத நாற்காலி போட்டு, வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழும்படி சற்றுத் திரும்பி உட்காரச் சொல்லுங்கள். மறுபக்கம் இருட்டாக இருந்தால் ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியிலோ இன்னொரு நாற்காலியிலோ போடுங்கள். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி அந்தக் கன்னத்துக்கும் வரும். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், ஜன்னல் வெளிச்சமும் அதுவும் சேர்ந்தால் முகத்தில் இரண்டு நிறம் வரும்.

பெட்டியோடு வந்த 18-55 லென்ஸை 55ல் வையுங்கள். 18ல் வைத்துக்கொண்டு கிட்டப் போனால் மூக்கு பெரிதாகும். இரண்டு மீட்டர் தள்ளி, நீங்களும் நாற்காலி போட்டு, அவர் கண் உயரத்துக்கு உட்காருங்கள். நின்றுகொண்டு குனிந்து எடுத்தால் பெரியவரைச் சின்னப் பிள்ளை போலக் காட்டும். 5.6, ஐஎஸ்ஓ 400. பாதி அழுத்தினால் உள்ளே வேகம் தெரியும். 1/125க்குக் கீழே போனால் ஐஎஸ்ஓவை 800, 1600 என்று ஏற்றுங்கள். பெரியவர்களுக்குக் கை தலை லேசாக ஆடும், லென்ஸில் இருக்கும் ஆட்டம் தடுக்கும் வசதி உங்கள் கை ஆட்டத்துக்குத்தான் உதவும், அவர்கள் ஆட்டத்துக்கு உதவாது.

ஃபோகஸ் புள்ளி 1500டியில் ஒன்பது இருக்கிறது. எல்லாவற்றையும் விட்டால் அது சட்டைப் பையில் இருக்கும் பேனாவைப் பிடிக்கும். ஒரே புள்ளியைத் தேர்ந்தெடுத்து, உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணில் வையுங்கள். நடுப்புள்ளிதான் மங்கல் வெளிச்சத்தில் நம்பகமானது. நடுப்புள்ளியைக் கண்ணில் வைத்துப் பாதி அழுத்தி, பீப் சத்தம் கேட்டதும், விரலை எடுக்காமல் கேமராவைக் கொஞ்சம் நகர்த்தி முழுதும் அழுத்துங்கள்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொல்லாதீர்கள். ஐம்பது வருடம் கண்ணாடியோடு பார்த்த முகம், கழற்றினால் வேற்று ஆள் போல ஆகிவிடும். அதில் ஜன்னல் தெரிந்தால் தாடையைக் கொஞ்சம் இறக்கச் சொன்னால் போய்விடும். அம்மாச்சி தண்டட்டி போட்டவராக இருந்தால் அந்தக் காது வெளிச்சப் பக்கம் இருக்கட்டும். அடுத்த தலைமுறையில் அந்தக் காது இருக்காது. சிரிக்கச் சொல்லவும் வேண்டாம். சிரிக்கச் சொன்னால் எல்லோரும் பல் டாக்டரிடம் காட்டுவது போலக் காட்டுவார்கள். முதலில் வேலை பார்த்த ஊர், அங்கே வாங்கிய சம்பளம் பற்றிக் கேளுங்கள். பேச விட்டு, பேசி முடிக்கும் இடத்தில் அழுத்துங்கள்.

இந்தக் கேமராவுக்கு இன்னொரு லென்ஸ் வாங்குவதென்றால் கேனானின் 50 மி.மீ. எஃப்/1.8 ஒன்றுதான் நான் சொல்வேன். 160 கிராம்தான் எடை. பெட்டியோடு வந்த லென்ஸ் 55ல் உள்ளே விடுவதைப்போல ஏறத்தாழப் பத்து மடங்கு வெளிச்சம் விடும். ஆனால் 1.8லேயே முகத்தை எடுத்தால் ஒரு கண் தெளிவு, ஒரு கண் மங்கல் என்று ஆகும். 2.8, 4 போதும்.

எடுத்த படத்தை பிரிண்ட் போடுங்கள். 24 மெகாபிக்சல் என்பது 6000 புள்ளிக்கு 4000 புள்ளி. 12க்கு 18 அங்குலம் தாராளமாக வரும். கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் அது சுருக்கிவிடும். கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கும், அங்கிருந்து இன்னொரு இடத்துக்கும் நகல் எடுத்து வையுங்கள்.

வெளியே எடுக்கிறீர்களே, அது எந்த நிலையில் இருக்கும் என்றும் சொல்லவேண்டும். லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை போல இழை ஓடினால் பூஞ்சை. ஐப்பசி கார்த்திகை மழையில் தோல் பைக்குள், துணிகளுக்கு நடுவில் மூடி வைத்தால் பிடிக்கத்தான் செய்யும். நீங்களாகத் திறக்காதீர்கள், லென்ஸ் சர்வீஸ் செய்பவரிடம் கொடுங்கள். இழை இல்லையென்றால், இனிமேல் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, பேட்டரியைக் கழற்றி வையுங்கள். பாச்சா உருண்டை, கற்பூரம் பக்கத்தில் வேண்டாம், நிக்கான் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. மாதம் ஒருமுறை எடுத்து நாலு படம் எடுத்தாலே பாதிப் பிரச்சினை வராது. லென்ஸ் மாற்றும்போது கேமராவின் வாய் கீழே பார்த்து இருக்கட்டும். ஆடிக் காற்றில் மொட்டை மாடியில் நின்று மாற்றாதீர்கள்.

இனி முதல் கேள்வி. பையனுக்கு வாங்கலாமா? யூடியூப் வீடியோவுக்கு என்றால் இந்த வகை வேண்டாம். 1500டியில் வெளி மைக் சொருக இடமே இல்லை, வீடியோவில் ஆள் நகர்ந்தால் ஃபோகஸ் தடுமாறும். அதற்கு அவன் போனே மேல். புகைப்படம் கற்றுக்கொள்ளத்தான் என்றால், கடையில் புதிதாக டிஎஸ்எல்ஆர் வாங்க நான் சொல்லமாட்டேன். 2020க்குப் பிறகு கேனானும் நிக்கானும் புது டிஎஸ்எல்ஆர் எதையும் கொண்டுவரவில்லை, கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் பக்கம் போய்விட்டார்கள். அதனாலேயே பழையது மலிவு. அக்கம்பக்கத்து வீட்டில் கிடப்பதை வாங்கிக் கொடுங்கள். வாங்கும் முன் லென்ஸில் பூஞ்சை பாருங்கள். பிறகு 16ல் வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள். கரும்புள்ளி தெரிந்தால் சென்சாரில் தூசி, துடைத்துக்கொள்ளலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். எத்தனை படம் எடுத்தது என்ற கணக்கு நிக்கானில் ஒவ்வொரு படக் கோப்பிலும் பதிந்திருக்கும், 1500டி போன்ற கேனானில் அப்படிப் படத்திலிருந்து எடுக்க முடியாது. அதனால் விற்பவர் சொல்லும் எண்ணைவிட பிடி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பது மேல்.

பையனைப் பழக்க மலைக்கோட்டைக்கு அழைத்துப் போங்கள். தொல்லியல் துறை இடம், கையில் வைத்து எடுக்கலாம், முக்காலி வைக்க அனுமதி வாங்கவேண்டும். பழனி மலைக்கோயிலுக்குக் கேமரா கொண்டு போகாதீர்கள், 2023 அக்டோபர் முதல் போனுக்கும் கேமராவுக்கும் அங்கே தடை.

வருகிற ஞாயிறு காலை எட்டரைக்கு நான் இதே சங்க அறையில் இருப்பேன். அந்த ஜன்னல் வடக்குப் பார்த்ததுதான், இப்போதே பார்த்து வைத்துவிட்டேன். கேமரா, லென்ஸ், கார்டு மூன்றையும் கொண்டுவாருங்கள். பேட்டரியைச் சனிக்கிழமை ராத்திரியே சார்ஜ் போட்டுவிடுங்கள், வருடக்கணக்காகத் தூங்கிய பேட்டரி ஏறுமா என்பது அப்போதுதான் தெரியும். கேமரா இல்லாதவர்கள் வீட்டுப் பெரியவரை மட்டும் அழைத்து வந்தால் போதும். பக்கத்து வீட்டுக் கேமரா எடுக்கும். லிப்ட் அன்றைக்கு ஓடும் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார், நாற்காலி இரண்டு நான் கீழேயே போட்டு வைக்கிறேன்.